தொலைந்த யாழைக் கணக்கால் மீட்டவர்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்று, சுயாதீன ஊடகவியலாளராக அலையத் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேலாகியும் அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. அதனால் ஒரு பௌர்ணமி இரவு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பதிவு செய்தும் காற்றின் இரைச்சலும் பக்கத்துப் புதிய பாலத்தில் ஓடும் வாகனங்களின் சத்தமும்தான் கிடைத்தன.

பாலத்துக்குக் கீழே தோணியில் இருந்த மீனவர் ஐயா ஒருவர் என் கருவியைப் பார்த்துச் சிரித்தார். தோணிக்குள் இறங்கச் சொன்னார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய ரீங்காரம் ஒன்று, யாரோ ஒரு நரம்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்ததுபோலக் கேட்டது. மீனா, ஊரியா என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். 1848 இல் இதே வாவியில் இதைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டிடமும் ஊர் மீனவர்கள் ஊரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

விலையுயர்ந்த கருவிக்குப் பிடிபடாதது ஒரு மரத் துடுப்புக்கு எப்படிப் பிடிபட்டது? அதற்கான விடை சில வாரங்கள் கழித்து எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. வேறொரு கட்டுரைக்காக நகரத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே மண்டபத்து மூலையில் இருந்த பழைய பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒருவர் வந்திருந்தார். கடற்காற்றும் வாவியின் ஈரமும் சேர்ந்து கம்பிகளில் துரு ஏற்றியிருந்தன. முன்பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டையை மெதுவாக அழுத்திக் காட்டினார்.

கட்டையின் மறுமுனை எழும்ப, கம்பளி போர்த்திய ஒரு சின்னச் சுத்தியல் கம்பியை நோக்கிப் பாய்கிறது. அடித்த அடுத்த கணமே அது பின்வாங்கிவிட வேண்டும். கம்பியோடு ஒட்டி நின்றால் எழுந்த ஒலியை அதுவே அமுக்கிவிடும். இந்தப் பின்வாங்கலைச் சாத்தியமாக்கியவர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1700 ஆம் ஆண்டளவில் முதல் பியானோவைச் செய்த கிறிஸ்டோபோரி. கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் இன்னொரு கம்பளித் துண்டு விழுந்து கம்பியை அடக்குகிறது. 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 20 தொன் அளவுக்கு வரும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். மூடியைத் திறந்து பார்த்தால் அந்தச் சட்டத்தில் நீளக் கம்பி ஒரு பக்கமும் குட்டைக் கம்பி மறுபக்கமுமாக ஒரு யாழ் படுத்திருப்பது போலவே இருக்கும்.

இவ்வளவும் இருந்தும் கம்பி தனியாகச் சத்தம் போடாது. அதை அந்த மனிதர் ஓர் இசைக்கவையை வைத்து விளங்கப்படுத்தினார். தட்டிக் காற்றில் பிடித்தபோது காதுக்குக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்டது. அதன் அடிக்காம்பைப் பியானோவின் மரத்தில் ஊன்றியதும் மண்டபம் முழுக்கக் கேட்டது. மெல்லிய கம்பியால் போதிய காற்றை அசைக்க முடியாது. அதன் அதிர்வை ஒரு மரக்கட்டை வாங்கி, பின்னால் இருக்கும் அகன்ற பலகைக்குக் கொடுக்கிறது. நாம் கேட்பது அந்தப் பலகை அதிர்வதைத்தான். தண்ணீருக்குள் பிறக்கும் ஒலியில் பெரும்பகுதி மேற்பரப்பில் பட்டுத் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். துடுப்பு அதை நேரே வாங்கி என் காதெலும்புக்குக் கொடுத்திருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து, அலுமாரியில் வருடக்கணக்காகத் திறக்காமல் கிடந்த யாழ் நூலை எடுத்தேன். விபுலானந்த அடிகளை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. அவர் பெயரில் வீதி, சிலை, விழா எல்லாம் உண்டு. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமே அவர் பெயரில்தான் இயங்குகிறது. பாடசாலையில் அவரைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. முத்தமிழ் வித்தகர் என்று முழங்கினேன். அவர் ஒரு பௌதிகவியல் ஆசிரியர் என்பது மட்டும் அந்தப் பேச்சில் இருக்கவில்லை.

வாவியின் தென்கோடிக்கும் சற்றுத் தெற்கே, இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் காரைதீவில் 1892 மார்ச் மாதம் அவர் பிறந்தார். தகப்பன் சாமித்தம்பி, தாய் கண்ணம்மை, இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு ஒரு கண்ணகை அம்மன் ஊர். வைகாசி பிறந்தால் திருக்குளிர்த்தியும் கண்ணகி வழக்குரையும் கேட்கும் ஊர். சிலப்பதிகாரத்தை ஏட்டில் படிக்குமுன்பே அதன் கதையைக் கோயில் வாசலில் காதால் கேட்டு வளரும் வாய்ப்பு இந்தக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. பிற்காலத்தில் அவர் தன் வாழ்நாளின் பெரிய ஆராய்ச்சியைச் சிலப்பதிகாரத்தில் தொடங்கியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கல்முனையிலும், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, 16 வயதில் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா, அந்தக் காலத்திலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். ஒரு கையில் தொல்காப்பியமும் மறு கையில் ஆய்வுகூடக் குழாயுமாக இருந்த அந்த இளைஞருக்கு, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலும். எனக்குச் சொன்னார்கள். சாதாரண தரம் முடிந்ததும், கலைப்பிரிவுக்குப் போகிறவளுக்குக் கணக்கு எதற்கு என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நானும் சந்தோசமாகக் கணக்கை விட்டேன்.

1922 இல் அவர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். கிழக்குக்குத் திரும்பி வந்து இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1930களில் சென்னையில் விஞ்ஞானத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் ஆக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் அவரும் ஒருவர். இமயமலைச் சாரலில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராக இருந்துவிட்டு, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பு வந்தார். இந்த அலைச்சலுக்கு நடுவேதான் ஏறத்தாழ 14 ஆண்டுகள் யாழைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடினார் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசிக்க ஒரு பழைய யாழ்கூட மிஞ்சியிருக்கவில்லை. அதைச் செய்யத் தெரிந்த தச்சர் இல்லை. கேட்டவர் காதும் இல்லை. இருந்தவை சொற்கள் மட்டுமே. சங்கப் பாட்டுகள் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கின்றன. பொருநராற்றுப்படையில் யாழின் பத்தர் மான் குளம்பின் சுவடு போல நடுவே உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்கும். அதன் மேல் போர்த்திய தோல் விளக்குச் சுடரின் நிறம். துளைகளை அடைத்த ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண்கள். மேலே எழும் தண்டு தலை தூக்கிய பாம்பு. நரம்புகளை இறுக்கும் திவவு பெண்ணின் முன்கை வளையல். வாவிக்கரையில் நண்டு வளையைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த ஆணி உவமை அகராதி இல்லாமலே விளங்கியிருக்கும்.

அந்த வருணனையைப் பியானோவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நரம்பு கம்பி. பத்தரும் தோலும் சேர்ந்து பின்பலகை. இரண்டிலும் ஒரு சுரத்துக்கென்று ஒரு நரம்பு உண்டு. வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்கள் எடுக்கலாம். யாழில் ஒவ்வொரு நரம்பும் திறந்தபடி நின்று தன் சுரத்தை மட்டுமே சொல்லும். ஒன்றில் விரல் மீட்டுகிறது, மற்றதில் சுத்தியல் அடிக்கிறது. வேறுபாடு அங்கேதான். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று பழைய உரை நரம்புக் கணக்குச் சொல்கிறது. 14 என்பது ஏழு சுரம் இரண்டு தடவை. பியானோவில் அடுத்தடுத்த 14 வெள்ளைக் கட்டைகள்.

நரம்பின் எண்ணிக்கை தெரிந்தால் போதாது. எந்த நரம்பு எந்தச் சுரத்தில் நின்றது? இங்கேதான் விஞ்ஞான ஆசிரியர் வேலையைத் தொடங்குகிறார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் சில வரிகளையும், அவற்றுக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையையும் அவர் ஒரு கணக்குப் புதிரைப்போல அணுகினார். ஒரே இழுவையில் இருக்கும் நரம்பை நீளத்தில் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி, இன்றைய பஞ்சமம். நாலில் மூன்று பங்காக்கினால் உழை, இன்றைய மத்திமம். இது எந்த நாட்டு நரம்புக்கும் பொது. எனவே பழைய நூல்கள் சொல்லும் சுரங்களின் உறவு தெரிந்தால், நரம்பு இல்லாமலே அதன் நீளத்தைக் கணக்கிடலாம்.

உரைகள் தருவது அந்த உறவைத்தான். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என 22 அலகுகள். இளியிலிருந்து இளியாக ஏறிச் சென்று சுரங்களைப் பெறும் முறையை அடிகள் பின்னக் கணக்காக எழுதிக் காட்டினார். யாழ் நூலின் இசைநரம்பியலைத் திறந்தால் எண்களும் அட்டவணைகளும் வரிசையாக வரும். பேச்சுப்போட்டிக்காரி அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே தாண்டிப் போனதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவரும் என்னிடம் சொன்னார். ஒரு சுரத்திலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக 12 தடவை ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு தானம் மேலே, வந்து சேர வேண்டும். ஆனால் ஒன்றரையை 12 தடவை பெருக்கினால் 129.7 வரும். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128 தான். இந்தச் சின்ன மிச்சம் எந்த நாளும் தீராது. பியானோக்காரர்கள் ஒவ்வொரு பஞ்சமத்தையும் ஒரு நூலிழை குறைத்து வைத்து மிச்சத்தை 12 சுரங்களுக்கும் பங்கிட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் பிழையாக வைத்தால்தான் எல்லாம் சரியாகக் கேட்கும் என்பது அவர் தொழில் இரகசியம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் ஒரு தானத்தை 24 ஆகப் பகுத்தார். விபுலானந்தர் 22 என்ற பக்கம் நின்றார். இது தமிழ்ப் பெருமைச் சண்டை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று உலகம் முழுக்க இசைக்கணக்குப் போட்டவர்களுக்கு இருந்த கேள்விதான் இது.

நரம்புகள் நிலைபெற்றதும் பண்கள் எழுகின்றன. செம்பாலையை இன்று அரிகாம்போதி என்று கொள்கிறார்கள். பியானோவில் கறுப்புக் கட்டையைத் தொடாமல் ஜி என்ற கட்டையில் தொடங்கி அடுத்த ஜி வரை வாசித்தால் அரிகாம்போதி கேட்கும். அதே கட்டைகளை, ஒன்றையும் மாற்றாமல், அடுத்த ஏ யில் தொடங்கி வாசித்தால் நடபைரவி. அதுதான் படுமலைப்பாலை. இப்படித் தொடக்கத்தை மாற்றி ஏழு பாலை எடுப்பதைப் பழந்தமிழர் பாலைத் திரிபு என்றனர். யாழ் நூலில் அதற்கென்றே ஓர் இயல் உண்டு. சுருதி சேர்த்து முடிந்ததும் அந்தப் பியானோவில் நானே ஒற்றை விரலால் வாசித்துப் பார்த்தேன். ஒரே ஏழு கட்டை, இரண்டு மனநிலை.

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கும் பியானோ ஒரு விளக்கம் தருகிறது. பியானோவில் கமகம் வராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழுக்கிச் செல்ல வழியில்லை. யாழின் திறந்த நரம்புக்கும் அதே கட்டுப்பாடு. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் பற்றி ஒரு கதை உண்டு. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தை யாழில் கொண்டுவர முடியாமல் மனமுடைந்து, பாணர் யாழை உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கே யாழ்முரி என்று பெயர். குரலின் நெளிவுகளுக்கு ஈடுகொடுத்த வீணை நின்றது, யாழ் போயிற்று என்பது பலர் சொல்லும் காரணம். ஐரோப்பா திறந்த கம்பிகளுக்குச் சுத்தியல் பூட்டி மண்டபங்களை நிறைத்தது. நாங்கள் யாழைப் பாட்டில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில், வைகாசி மாதத்தில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். நூலின் கணக்குப்படி செய்த யாழ் அங்கே வாசிக்கப்பட்டது. சம்பந்தர் ஓடக்காரன் இல்லாத ஓடத்தில் ஏறி, பதிகத்தைப் பாடியே வெள்ளத்தைக் கடந்த தலம் அது. துடுப்பு வலித்தது பாட்டுத்தான் என்பது ஐதிகம். அந்த இடத்தில், பல நூற்றாண்டு மௌனத்துக்குப் பிறகு, ஒரு மட்டக்களப்பாரின் கணக்கிலிருந்து யாழ் ஒலித்தது. அப்போது அவர் உடல் நலம் குன்றியிருந்தார். 44 நாட்களின் பின், 1947 ஜூலை 19 அன்று கொழும்பில் காலமானார். உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தருகே அடக்கம் செய்தார்கள். வாவியின் பாட்டைப் பற்றி நீரர மகளிர் என்று கவிதை எழுதியவர் அந்த வாவிக்கரைக்கே திரும்பினார்.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் பின்வந்த இசை ஆய்வாளர்கள் உடன்படவில்லை. சில பண்களை இன்ன இராகம் என்று அவர் சொன்னதை மறுத்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்க முடிவதுதான் அந்த நூலின் பலம் என்று எனக்குப் படுகிறது. பழம்பெருமையை மட்டும் பேசியிருந்தால் ஒன்றில் கைதட்டலாம், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம். அவர் எண்களை எழுதி வைத்தார். பிழை இருந்தால் இன்ன வரியில் பிழை என்று காட்டலாம். சரியென்றால் யாரும் எந்த ஊரிலும் ஒரு பலகையும் நரம்பும் எடுத்துத் திரும்பச் செய்யலாம். இன்று நாங்கள் அவருக்கு ஒவ்வொரு வருடமும் மாலை போடுகிறோம். அந்தப் பக்கங்களைத் திறந்து ஒரு பிள்ளைக்குக் கணக்கும் பாட்டும் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கிறோமா என்று கேட்டால், என் பாடசாலை நாட்களை வைத்து எனக்குத் தெரிந்த பதில் இல்லை என்பதே.

நானாவது தொடங்குவோம் என்று கடையில் கொஞ்சம் தங்கூசி வாங்கி, பலகையொன்றில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டினேன். இரண்டு முனையிலும் ஆணியோரமாகச் சின்னக் கட்டை வைத்து நடுவே 60 சென்ரிமீற்றர் விட்டேன். முழுதாகத் தட்டினால் குரல். ஒரு முனையிலிருந்து 40 சென்ரிமீற்றரில் கட்டை செருகி நீளப் பக்கத்தைத் தட்டினால் இளி. 45 இல் உழை. 30 இல் மறுபடி குரல், மேல் தானத்தில். சத்தம் போதவில்லை. பலகைக்குக் கீழே வெறும் பிஸ்கட் தகரம் ஒன்றை வைத்தேன். அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்து, 40 இல் மட்டும் ஏன் அப்படி இனிமையாகக் கேட்கிறது என்று கேட்டது. அலுமாரியில் இருந்த யாழ் நூலை எடுத்து வந்து, இசைநரம்பியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.